புராஸ்டேட் வீக்கத்துக்கான மாத்திரைகள்: உண்பதும் உரியவரிடம் சொல்வதும்

இந்த உரையின் பொருள் பல தமிழ்க் குடும்பங்களில் வெளிப்படையாகப் பேசப்படாத ஒன்று. ஐம்பது வயதைக் கடந்த ஆண்களில் பலர் சிறுநீர் கழிப்பதில் தொல்லைப்படுகின்றனர். இரவில் மூன்று நான்கு முறை எழுகின்றனர். கழிவறையில் நெடுநேரம் நிற்கின்றனர். அதற்காக மாத்திரை உண்பவர்களும் பலர். ஆயினும் அந்த மாத்திரை அட்டை பயணப் பெட்டியின் ஓரத்திலோ அலமாரியின் பின்புறத்திலோ மறைந்தே கிடக்கிறது. அது எதற்கான மாத்திரை என்று மனைவிக்குத் தெரிவதில்லை, மகனுக்கும் தெரிவதில்லை. சில வேளைகளில் மருத்துவருக்கே தெரிவதில்லை.

புராஸ்டேட் வீக்கத்துக்கான மாத்திரைகள் நன்கு ஆராயப்பட்டவை. பெரும்பாலோருக்கு நல்ல பயன் தருபவை. ஆனால் அவற்றை உண்பதாக உரியவரிடம் சொல்லாமல் விட்டால், சிறுநீரோடு தொடர்பே இல்லாத இடத்தில் துன்பம் நேரக்கூடும். குபெர்டினோவை அடுத்துள்ள லாஸ் ஆல்டோஸ் நகரில் பணிபுரிந்த ஒரு கண் மருத்துவர் 2005ஆம் ஆண்டில் இதை உலகுக்கு எடுத்துக்காட்டினார். அந்தச் செய்திக்கு வருமுன், இந்த நோயின் இயல்பையும் மருந்துகள் செயல்படும் முறையையும் சுருக்கமாக அறிந்துகொள்வது நல்லது.

புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டுமே உள்ள சுரப்பி. சிறுநீர்ப்பையின் அடியில், சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றி, விரலைச் சுற்றிய மோதிரம்போல் அது அமைந்திருக்கிறது. இளம் வயதில் அதன் எடை ஏறத்தாழ 20 கிராம். விந்துநீரின் ஒரு பகுதியை உண்டாக்குவது அதன் வேலை. வயது ஏற ஏற இந்தச் சுரப்பி பெரும்பாலான ஆண்களுக்குப் பெரிதாகிறது. 51 முதல் 60 வயது வரையுள்ள ஆண்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கும், 80 வயதைக் கடந்தவர்களில் 90 விழுக்காடு வரையிலும் இந்த வளர்ச்சி காணப்படுகிறது. ஆகவே இது யாருடைய குற்றமும் அன்று. தீய பழக்கத்தின் விளைவும் அன்று. முடி நரைப்பதைப் போல முதுமையோடு வருவது.

மற்றொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்த வீக்கம் புற்றுநோய் அன்று. புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆனால் ஒரே சுரப்பியில் வீக்கமும் புற்றுநோயும் தனித்தனியே தோன்ற இயலும். அதனால்தான் மருத்துவர் பரிசோதித்த பின்னரே மாத்திரை தருகிறார். மேலும், சிறுநீர் அடிக்கடி வருவதற்குப் புராஸ்டேட் மட்டுமே காரணம் என்று முடிவு செய்துவிடலாகாது. கட்டுப்படாத சர்க்கரை நோய், இரத்த அழுத்தத்துக்காக உண்ணும் சிறுநீர் பெருக்கி மாத்திரை, சிறுநீர்த் தொற்று, மாலை நேரக் காப்பி ஆகியவையும் இதே தொல்லையைத் தரக்கூடும். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பலன் தந்த மாத்திரையைத் தாமும் வாங்கி உண்பது இதனால்தான் தவறாகிறது.

தொல்லையின் அளவை அறிய மருத்துவர்கள் ஏழு கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தைப் பயன்படுத்துகின்றனர். கடந்த ஒரு மாதத்தில் சிறுநீர் முழுமையாக வெளியேறாத உணர்வு இருந்ததா, இரண்டு மணி நேரத்துக்குள் மீண்டும் செல்ல நேர்ந்ததா, விட்டுவிட்டு வந்ததா, அடக்க இயலாமல் போனதா, வேகம் குறைந்ததா, முக்க வேண்டியிருந்ததா, இரவில் எத்தனை முறை எழ நேர்ந்தது என்பவையே அக்கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண் உண்டு, மொத்தம் 35. ஏழு வரை இருந்தால் தொல்லை சிறிது. 8 முதல் 19 வரை நடுத்தரம். 20ம் அதற்கு மேலும் கடுமை. தொல்லை சிறிதாக இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் மாத்திரை தேவைப்படுவதில்லை. மாலைக்குப் பின் நீரையும் காப்பியையும் குறைத்து, ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதித்துக்கொண்டாலே போதும். மருத்துவரைக் காணச் செல்லுமுன் இந்த ஏழு கேள்விகளுக்கும் ஒரு தாளில் விடை எழுதி எடுத்துச் சென்றால், வாயால் சொல்லக் கூசுவதைத் தாள் சொல்லிவிடும்.

இனி மருந்துகள். இவற்றில் இரண்டு பெரும் வகைகள் உண்டு.

முதல் வகை, இறுக்கத்தைத் தளர்த்துபவை. புராஸ்டேட்டிலும் சிறுநீர்ப்பையின் கழுத்திலும் உள்ள தசை இறுகுவதால் குழாய் நெருக்கப்படுகிறது. 1970களில் ஜெருசலேமில் மார்கோ கெய்ன் என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் அந்தத் தசையை இறுக்கும் நரம்புச் செய்தியைத் தடுத்தால் சிறுநீர் எளிதில் வெளியேறும் என்று காட்டினர். அந்த வழியில் வந்தவையே ஆல்பா தடுப்பான்கள். டெராசோசின், டாக்சாசோசின், டாம்சுலோசின், அல்புசோசின், சிலோடோசின் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றுள் டாம்சுலோசின் மிகுதியாகப் பயன்படுகிறது. அமெரிக்காவில் 1997இல் ஒப்புதல் பெற்ற இம்மருந்து, 2010 முதல் மலிவான பொதுப்பெயர் மருந்தாகவும் கிடைக்கிறது.

ஆல்பா தடுப்பான்கள் சில நாள்களிலேயே பலன் காட்டத் தொடங்கும். ஆனால் இவை சுரப்பியைச் சிறிதாக்குவதில்லை. இறுக்கத்தை மட்டுமே தளர்த்துகின்றன. மாத்திரையை நிறுத்தினால் தொல்லை விரைவில் திரும்பிவிடும். 'இப்போது நன்றாக இருக்கிறது, இனி எதற்கு?' என்று தாமாகவே நிறுத்துவோர் பலர். நன்றாக இருப்பதற்குக் காரணமே அந்த மாத்திரைதான் என்பதை அவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

இந்த வகையில் முதலில் கவனிக்க வேண்டியது தலைச்சுற்றல். இம்மருந்து இரத்தக் குழாய்களையும் ஓரளவு தளர்த்துவதால், படுக்கையிலிருந்து சட்டென்று எழும்போது இரத்த அழுத்தம் தாழ்ந்து கண் இருளக்கூடும். நள்ளிரவில் அவசரமாகக் கழிவறைக்கு எழும் முதியவருக்கு இது இடுப்பெலும்பு முறிவில் முடியலாம். எழுமுன் கட்டிலின் விளிம்பில் ஒரு நிமிடம் அமர்ந்திருத்தல், வழியில் சிறு விளக்கு எரியவிடுதல், தரைவிரிப்பின் சுருக்கங்களை நீக்குதல் ஆகியவை மாத்திரையைப் போலவே முக்கியமானவை. மருந்தைத் தொடங்கும்போதும் அளவைக் கூட்டும்போதும் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். இரத்த அழுத்தத்துக்கு ஏற்கெனவே மாத்திரை உண்பவர்கள் அதையும் மருத்துவரிடம் கூற வேண்டும்.

டாம்சுலோசினை ஒவ்வொரு நாளும் ஒரே வேளை உணவுக்குப் பின், ஏறத்தாழ அரை மணி நேரம் கழித்து உண்ண வேண்டும். உறையை மெல்லவோ திறக்கவோ கூடாது. வெறும் வயிற்றில் உண்டால் மருந்து வழக்கத்தைவிட மிகுதியாக இரத்தத்தில் கலந்து தலைச்சுற்றலைக் கூட்டும். ஏகாதசி, சஷ்டி முதலிய விரதங்களைக் கடைப்பிடிக்கும் பெரியவர்களும் ரமலான் நோன்பு நோற்போரும் எந்த உணவுக்குப் பின் உண்பது என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளையில் இரண்டாக உண்ணக் கூடாது. பல நாள்கள் விட்டுப்போனால், பழைய அளவிலேயே மீண்டும் தொடங்காமல் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

இந்த மருந்துகளை உண்ணும் சிலருக்கு உடலுறவின்போது விந்து வெளிவருவது குறையும் அல்லது நின்றுபோகும். அது சிறுநீர்ப்பைக்குள் சென்று பின்னர் சிறுநீரோடு வெளியேறலாம், உடலுக்குத் தீங்கில்லை. ஆனால் முன்னரே அறியாதவர் அஞ்சி, யாரிடமும் சொல்லாமல் மாத்திரையைக் கைவிட்டுவிடுகிறார். சொன்னால் வேறு மருந்துக்கு மாற்றித் தர மருத்துவருக்கு வழியுண்டு.

இப்போது லாஸ் ஆல்டோஸ் செய்திக்கு வருவோர் வியப்படைவர். புராஸ்டேட் மாத்திரைக்கும் கண்புரை அறுவை சிகிச்சைக்கும் என்ன தொடர்பு? கண்ணின் கருமணியைச் சுற்றி ஐரிஸ் என்னும் நிறத்திரை உள்ளது. அதன் நடுவிலுள்ள துளையே கண்பாவை. கண்புரையை அகற்றும்போது கண்பாவை நன்கு விரிந்திருக்க வேண்டும். சில ஆண்களின் கண்களில் அந்தத் திரை உறுதியின்றித் தொளதொளத்து, கழுவும் நீரின் ஓட்டத்தில் அலைந்து, வெட்டிய இடத்தின் வழியே வெளியே பிதுங்க முயல்வதையும், விரிந்த கண்பாவை அறுவையின் நடுவிலேயே சுருங்கிவிடுவதையும் அறுவை மருத்துவர்கள் கண்டனர். காரணம் விளங்கவில்லை.

லாஸ் ஆல்டோஸில் பணிபுரிந்த டேவிட் சாங்கும், சான் ரபேலில் பணிபுரிந்த ஜான் கேம்பெல்லும் தங்கள் நோயாளிகளின் குறிப்புகளை ஒப்பிட்டு ஆராய்ந்தனர். சாங் தொடர்ச்சியாக 900 கண்புரை அறுவைகளைக் கவனித்தார். ஏறத்தாழ நூற்றில் இரண்டு நோயாளிகளிடம் இந்த நிலை தென்பட்டது. அவர்களுள் பெரும்பாலோர் டாம்சுலோசின் போன்ற மாத்திரையை உண்பவர்கள் அல்லது முன்பு உண்டவர்கள். புராஸ்டேட்டின் தசையைத் தளர்த்தும் மருந்து, ஐரிஸின் தசையையும் தளர்த்தியிருந்தது. 2005இல் இந்த ஆய்வு வெளிவந்தது. அதே ஆண்டில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் வழியே மருந்தின் குறிப்பேட்டில் இந்த எச்சரிக்கை சேர்க்கப்பட்டது.

இதிலிருந்து பெறத்தக்க பாடம் அச்சம் அன்று. முன்கூட்டியே அறிந்த மருத்துவர், கண்பாவையை விரித்து நிறுத்தும் சிறு வளையங்கள், தனி மருந்துகள் முதலியவற்றோடு ஆயத்தமாக வருவார். அவ்வாறு முன்னறிவோடு செய்யப்பட்ட 167 கண்களின் அறுவைகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்டபோது, வில்லையின் பின்னுறை கிழியும் சிக்கல் நூற்றுக்கு ஒன்றைவிடக் குறைவாகவே இருந்தது. அறியாமல் அறுவையில் இறங்கினால் ஆபத்து. அறிந்து இறங்கினால் ஏறத்தாழ மற்றவர்களைப் போன்றே நற்பயன். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நோயாளி சொல்லும் ஒரே ஒரு வாக்கியம்.

இதில் மூன்று நுட்பங்கள் உள்ளன. முதலாவது, அறுவைக்குச் சில நாள்களுக்கு முன் மாத்திரையை நிறுத்துவதால் இந்த நிலை உறுதியாக நீங்குவதில்லை. பல ஆண்டுகளுக்கு முன் நிறுத்தியவர்களிடமும் காணப்பட்டுள்ளது. ஆகவே தாமாக நிறுத்திவிட்டுச் சொல்லாமல் இருப்பது பயனற்றது. 'முன்பு உண்டேன்' என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டாவது, கண்புரை இருப்பதாக ஏற்கெனவே அறிந்தவர், இந்த மாத்திரையைத் தொடங்குமுன்பே சிறுநீரக மருத்துவரிடம் அதைத் தெரிவிக்க வேண்டும். கண்ணை முதலில் கவனித்துவிட்டுப் பின்னர் மாத்திரையைத் தொடங்க இயலுமா என்று அவர் முடிவு செய்வார். மூன்றாவது, சிறுநீரகக் கல் வெளியேறுவதற்காக இதே டாம்சுலோசின் பெண்களுக்கும் சில வேளைகளில் தரப்படுகிறது. அத்தகைய பெண்மணிகளுக்கும் இந்த அறிவுரை பொருந்தும். விடுமுறையில் மதுரைக்கோ சென்னைக்கோ சென்று கண்புரை அறுவை செய்துகொள்வோர், அங்குள்ள மருத்துவரிடமும் இதைக் கூற வேண்டும்.

இரண்டாம் வகை, சுரப்பியைச் சுருக்கும் மருந்துகள். இவற்றின் வரலாறு டொமினிக்கன் குடியரசின் ஒரு சிற்றூர்ப் பகுதியில் தொடங்குகிறது. டெஸ்டோஸ்டீரோன் என்னும் ஆண் இயக்குநீரை அதைவிட வலிமையான வடிவமாக மாற்றும் ஒரு நொதி பிறவியிலேயே குறைந்தவர்கள் அங்கே சிலர் வாழ்ந்தனர். ஜூலியான் இம்பெராடோ-மக்கின்லி என்னும் மருத்துவ அறிஞரும் அவருடைய குழுவினரும் 1974இல் அவர்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். அவர்களுடைய புராஸ்டேட் முதுமையிலும் சிறியதாகவே இருந்தது. அந்த நொதியை மருந்தால் தடுக்கலாமே என்ற எண்ணத்திலிருந்து பினாஸ்டெரைடு பிறந்தது; 1992இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. டூட்டாஸ்டெரைடு அதற்கு அடுத்து வந்தது.

இவை பெரிய சுரப்பி உடையவர்களுக்கே ஏற்றவை. சுரப்பியின் அளவு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறையக்கூடும். ஆனால் முழுப் பலன் தெரிய ஆறு மாதங்களோ அதற்கு மேலோ ஆகும். ஒரு மாதம் உண்டு பார்த்துவிட்டுப் 'பயனில்லை' என்று எறிந்துவிடுவது, நெல்லை விதைத்த மறுவாரம் கதிர் தேடுவதைப் போன்றது. சிலருக்கு உடலுறவு நாட்டம் குறைதல், மார்பு மென்மையாதல் போன்ற பக்கவிளைவுகள் ஏற்படலாம். மனச்சோர்வு தோன்றினாலும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இந்த வகை மாத்திரை உண்பவர்கள் சொல்ல வேண்டிய இடங்கள் மூன்று. முதல் இடம், இரத்தப் பரிசோதனையைப் பார்க்கும் மருத்துவர். புராஸ்டேட் புற்றுநோயை ஐயுறுவதற்கு உதவும் பி.எஸ்.ஏ. அளவை இம்மருந்துகள் சில மாதங்களில் ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துவிடுகின்றன. 3 என்று காட்டும் அறிக்கை உண்மையில் 6க்கு நிகராக இருக்கலாம். மாத்திரையைப் பற்றி அறியாத மருத்துவர், 'அளவு இயல்பாக இருக்கிறது' என்று நம்பிவிடக்கூடும். சென்னையில் தொடங்கிய மாத்திரையைச் சொல்லாமல் சாண்டா கிளாராவில் இரத்தம் கொடுக்கும் பெரியவருக்கு இந்த ஆபத்து உண்மையானது.

இரண்டாம் இடம், வீட்டிலுள்ள கருவுற்ற பெண். குபெர்டினோவுக்கு வரும் தாத்தாக்களில் பலர் மகளின் அல்லது மருமகளின் பேறுகாலத்துக்காகவே வருகின்றனர். பினாஸ்டெரைடு, டூட்டாஸ்டெரைடு ஆகிய இரண்டும் கருவிலுள்ள ஆண் குழந்தையின் பிறப்புறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியவை. உடைந்த அல்லது பொடியான பினாஸ்டெரைடு மாத்திரையைக் கருவுற்ற பெண்கள் கையாளக் கூடாது. டூட்டாஸ்டெரைடு உறையைத் தொடவே கூடாது. தவறிக் கசிந்த மருந்து தோலில் பட்டால் உடனே சோப்பும் நீரும் கொண்டு கழுவ வேண்டும். மாமனாரின் மாத்திரைகளை நாள்வாரியாகப் பெட்டியில் பிரித்து வைக்கும் நல்ல மனம் படைத்த மருமகளுக்கு, அவை எவை என்று தெரிந்திருக்க வேண்டாமா? கூச்சத்தால் மறைக்கும் பெரியவர், தம் பேரக்குழந்தையைக் காக்கும் வாய்ப்பை இழக்கிறார்.

மூன்றாம் இடம், இரத்த தான நிலையம். பினாஸ்டெரைடு உண்டவர் கடைசி மாத்திரைக்குப் பின் ஒரு மாதமும், டூட்டாஸ்டெரைடு உண்டவர் ஆறு மாதமும் கழியாமல் இரத்தம் கொடுக்கலாகாது. அந்த இரத்தம் ஒரு கருவுற்ற பெண்ணுக்குச் செல்லக்கூடும் என்பதே காரணம். தலைமுடி உதிர்வுக்காக இளைஞர்கள் உண்ணும் 1 மில்லிகிராம் மாத்திரையும் இதே பினாஸ்டெரைடுதான். தந்தை உண்பது 5 மில்லிகிராம். ஆதலால் இந்தச் செய்தி மகன்களுக்கும் உரியது.

இரு வகையையும் சேர்த்து உண்பதும் உண்டு. அமெரிக்காவில் 3,047 ஆண்களைச் சராசரியாக நான்கரை ஆண்டுகள் கவனித்த ஆய்வொன்று 2003இல் வெளிவந்தது. வெற்று மாத்திரை உண்டவர்களோடு ஒப்பிட, நோய் முற்றும் அபாயம் டாக்சாசோசினால் 39 விழுக்காடும், பினாஸ்டெரைடால் 34 விழுக்காடும் குறைந்தது. இரண்டையும் சேர்த்து உண்டவர்களுக்கு 66 விழுக்காடு குறைந்தது. சுரப்பி பெரிதாக உள்ளவர்களுக்கு மருத்துவர் இரண்டையும் தருவதன் காரணம் இதுவே. இவை தவிர, ஆண்மைக் குறைவுக்கான தடாலாபில் மருந்தும் நாள்தோறும் 5 மில்லிகிராம் என்ற அளவில் புராஸ்டேட் தொல்லைக்காக 2011இல் ஒப்புதல் பெற்றது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் வகை மருந்து பயன்படுத்துவோர் அதை ஒருபோதும் உண்ணக் கூடாது. இரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும்.

மூலிகைகளைப் பற்றியும் ஒரு சொல். அமெரிக்கக் கடைகளில் சா பால்மெட்டோ என்னும் பனையினச் செடியின் பழச்சாறு, புராஸ்டேட்டுக்கென்று பரவலாக விற்கப்படுகிறது. அதைச் சோதிக்கும் ஆய்வு இந்தப் பே ஏரியாவிலேயே நடந்தது. சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 225 ஆண்களுக்கு ஓராண்டு காலம் அந்தச் சாற்றையோ, அதே தோற்றமுடைய வெற்று மாத்திரையையோ கொடுத்தனர். 2006இல் வெளியான முடிவின்படி இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. 2011இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு மூன்று மடங்கு அளவு வரை கூட்டிக் கொடுத்தும் பயன் காணவில்லை. நெருஞ்சில் குடிநீர், வாழைத்தண்டுச் சாறு முதலியவற்றை அருந்தும் வழக்கமுடைய தமிழர்களும், அவற்றை மருந்துக்கு மாற்றாகக் கொள்ளாமல், அருந்துவதை மருத்துவரிடம் மறைக்காமல் கூறுவதே நலம்.

மூலிகையைவிடப் பெரிய ஆபத்து சளி மாத்திரையில் உள்ளது. மூக்கடைப்பைப் போக்கும் சூடோஎபெட்ரின், பீனைல்எப்ரின் ஆகியவை சிறுநீர்ப்பையின் கழுத்தை இறுக்கக்கூடும். தும்மலுக்கும் உறக்கத்துக்கும் உண்ணும் டைபென்ஹைட்ரமின், குளோர்பெனிரமின் போன்றவை சிறுநீர்ப்பையின் தசையைச் சோர்வுறச் செய்யும். இந்தியாவிலிருந்து 'எதற்கும் இருக்கட்டும்' என்று கொண்டுவரும் சளி மாத்திரைகள் பலவற்றில் இவை கலந்திருக்கின்றன. புராஸ்டேட் வீக்கம் உள்ளவர் ஒரு மாத்திரையால் திறந்த வழியை மற்றொரு மாத்திரையால் அடைத்துக்கொள்ள நேரும். வாங்குமுன் மருந்தாளுநரிடம், 'எனக்குப் புராஸ்டேட் வீக்கம் உள்ளது' என்று சொன்னால் போதும். அவர் பொருத்தமானதைக் காட்டுவார்.

சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரும் நெடும்பயணம் இவ்வகை நோயாளிகளுக்குச் சோதனையானது. பக்கத்து இருக்கையில் இருப்பவரை எழுப்பத் தயங்கிச் சிறுநீரை அடக்கிக்கொள்வோர் பலர். அடக்கக் கூடாத பதினான்கு வேகங்களுள் சிறுநீரையும் ஒன்றாகச் சித்த மருத்துவம் எண்ணுகிறது. ஆகவே நடைபாதையை ஒட்டிய இருக்கையைப் பெறுவதும், நேரத்தோடு எழுவதும் நல்லது. இரு நாடுகளுக்கும் இடையே கோடையில் பன்னிரண்டரை மணி நேரமும் குளிர்காலத்தில் பதின்மூன்றரை மணி நேரமும் வேறுபாடு உள்ளதால், வந்து சேர்ந்த முதல் நாளில் இரு வேளை மாத்திரைகளை அடுத்தடுத்து உண்டுவிடாமல் கவனிக்க வேண்டும்.

மருந்துகளைக் கொண்டுவரும்போது அவை கடையில் வாங்கிய அட்டையிலோ புட்டியிலோ இருக்க வேண்டும். மருத்துவரின் சீட்டு ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். பொதுவாக 90 நாள்களுக்கு வேண்டிய அளவே சொந்தப் பயன்பாட்டுக்காக ஏற்கப்படுகிறது. ஆறு மாதம் தங்குவோர் அதற்கு மேற்பட்ட நாள்களுக்கான ஏற்பாட்டை ஊரிலேயே திட்டமிடுவது நல்லது. சீட்டில் வணிகப் பெயர் மட்டும் இருப்பது போதாது. யூரிமேக்ஸ், வெல்டாம் என்றால் இங்குள்ள மருந்தாளுநருக்கு விளங்காது. டாம்சுலோசின் என்றால் உடனே விளங்கும். வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு வேறு பொருள் தரவும் கூடும். அமெரிக்காவில் பிளோமேக்ஸ் என்பது டாம்சுலோசின். இத்தாலியில் அதே பெயரில் விற்கப்பட்டது வேறோர் அழற்சி மருந்து. மேலும், இந்தியாவில் டாம்சுலோசினும் டூட்டாஸ்டெரைடும் ஒரே உறையில் சேர்ந்து வருவது வழக்கம். ஒன்றையே உண்பதாக நினைப்பவர் உண்மையில் இரண்டை உண்டுகொண்டிருக்கலாம்.

அட்டையில் வரும் மாத்திரைகளை நாள்வாரிப் பெட்டிக்கு மாற்றினால், தவழும் குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் அதை வைக்க வேண்டும். குழந்தை ஏதேனும் மாத்திரையை விழுங்கிவிட்டால் 1-800-222-1222 என்ற நஞ்சுத் தடுப்பு எண்ணை உடனே அழைக்கலாம். குழந்தை மயங்கினாலோ மூச்சுத் திணறினாலோ 911 ஐ அழைக்க வேண்டும்.

கூச்சத்துக்குப் பெருங்காரணம் மொழி. மகளோ பேரனோ மொழிபெயர்க்கும்போது எந்தப் பெரியவரால் விந்தைப் பற்றியும் சிறுநீரைப் பற்றியும் மனம் திறந்து பேச முடியும்? அவ்வாறு துன்புறத் தேவையில்லை. கூட்டரசின் நிதியைப் பெறும் மருத்துவமனைகளும் மருத்துவ நிலையங்களும், ஆங்கிலம் நன்கு அறியாதவருக்கு மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றி ஏற்பாடு செய்யக் கடமைப்பட்டவை. நேரம் குறிக்கும்போதே 'தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்' என்று கேட்டுவிட வேண்டும். பெரும்பாலும் தொலைபேசி வழியாகவோ காணொளி வழியாகவோ ஏற்பாடு செய்வார்கள். புதிய மருந்தை வாங்கும்போது மருந்தாளுநர் அதை விளக்கிக் கூற வேண்டும் என்பதும் கலிபோர்னியாவின் விதி. அந்த உரிமையைக் 'கையெழுத்துப் போட்டால் போதும்' என்று விட்டுவிடக் கூடாது. மெடிகேர் காப்பீட்டின் மருந்துத் திட்டங்களில் ஐயம் உள்ளவர்கள் ஹைகேப் என்னும் கட்டணமற்ற ஆலோசனைச் சேவையை 1-800-434-0222 என்ற எண்ணில் அழைக்கலாம்.

சில அறிகுறிகள் தோன்றினால் மாத்திரையை நம்பிக் காத்திருக்கலாகாது. வயிற்றின் அடியில் வலியோடு சிறுநீர் சொட்டும் வராமல் நின்றுவிட்டால் அது அவசர நிலை. உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். அங்கே குழாய் செலுத்திச் சிறுநீரை வெளியேற்றுவார்கள். சிறுநீரில் இரத்தம், குளிர்க்காய்ச்சலோடு எரிச்சல், மயங்கி விழுதல் ஆகியவையும் தாமதத்துக்கு உரியவை அல்ல. வலியின்றியே சிறுநீர் தேங்கிச் சிறுநீரகம் பழுதடைவதும் உண்டு. அதனால்தான் மாத்திரை உண்போர் மருத்துவர் குறித்த நாளில் மீண்டும் சென்று காட்ட வேண்டும். மாத்திரை போதாதபோது குழாய் வழியே செய்யும் அறுவை முறைகளும், அண்மைக்காலத்தில் வந்த எளிய முறைகளும் உள்ளன. அறுவைக்கு அஞ்சி ஆண்டுக்கணக்கில் தாங்கிக்கொள்வதால் சிறுநீர்ப்பையின் ஆற்றல்தான் குன்றுகிறது.

திருக்குறளின் 'மருந்து' என்னும் அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறது: நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து கவனிப்பவர். புராஸ்டேட் மாத்திரையைப் பொறுத்தவரை, மருந்து நன்று, மருத்துவரும் இருக்கிறார், கவனிக்கக் குடும்பமும் காத்திருக்கிறது. குறைவது நோயுற்றவரின் வாய்ச்சொல் ஒன்றே.

ஆகவே ஒவ்வொரு பெரியவரும் ஒரு சிறு அட்டையில் தாம் உண்ணும் மாத்திரைகளின் பொதுப்பெயர், அளவு, தொடங்கிய மாதம், முன்பு உண்டு நிறுத்தியவை ஆகியவற்றை எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளலாம். அதன் மற்றொரு படி மனைவியிடமோ பிள்ளையிடமோ இருக்கட்டும். கண் மருத்துவர், பல் மருத்துவர், மருந்தாளுநர், அவசரப் பிரிவின் செவிலியர் என யார் கேட்டாலும், யாரும் கேளாவிட்டாலும், அந்த அட்டையை எடுத்து நீட்டலாம். பேசக் கூசும் பெரியவருக்காக அந்த அட்டை பேசும். அதை எழுத இன்று மாலையில் பத்து நிமிடம் போதும்.